இருபத்து மூன்று நாற்காலிகளுக்கு வழியில்லை

செப்டம்பர் 8

‘வெளியே’ ஆட்டத்தைச் செய்தவருக்கு,

வணக்கம். நாற்பத்தெட்டு மணி நேர கேம் போட்டிக்கு வந்தவற்றில் பன்னிரண்டை ஆடிப் பார்த்துக் கருத்து எழுதும் பொறுப்பு என்னுடையது. உங்களுடையது ஏழாவது. பட்டியலில் பெயரைப் பார்த்ததும் வேறொருவருக்கு மாற்றிவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஆகவே இது ஆட்டத்தைப் பற்றிய கடிதம். வேறு எதைப் பற்றியும் இல்லை.

முதலில் நல்லது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலைக்குள் தனி ஆளாக இவ்வளவு செய்தது பெரிய விஷயம். மூன்றாம் மாடியில் மெத்தை உறை தைக்கும் கூடம். அறுபத்து நான்கு நாற்காலிகள். ஏதாவது ஒன்றில் உட்கார்ந்துகொள்ளலாம். புகை கிளம்பியதும் வெளியே ஓட வேண்டும். இதற்கு மேல் விளக்கமே தேவைப்படவில்லை. புகை நெருங்க நெருங்கத் தையல் மெஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குகிறதே, அந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே நாக்கு வறண்டது.

இனி குறை. அறுபத்து நான்கு நாற்காலியிலும் உட்கார்ந்து ஆடினேன். நாற்பத்தொன்றிலிருந்து தப்பிக்கலாம். பின்வரிசைகளில் உள்ள இருபத்து மூன்றுக்கு வழியில்லை. எப்படி ஓடினாலும், எவ்வளவு சாமர்த்தியமாக ஓடினாலும் இல்லை. இது கஷ்டமான ஆட்டம் அல்ல, தோற்கடிக்கவென்றே செய்த ஆட்டம். ஆடுபவர் இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாவது முறை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

காரணம் உங்கள் வரைபடம். முன்கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. கூட்டம் வந்து மோதினால் அதைத் திறக்கவே முடியாது. பின்படிக்கட்டின் கதவு பூட்டியிருக்கிறது, சாவியோ தூரத்தில் சூப்பர்வைசர் மேஜையில் தொங்குகிறது, கதவின் முன்னால் ஃபோம் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி. இப்படி ஒரு கூடத்தை யாரும் கட்ட மாட்டார்கள். நம்பும்படி இல்லை. மூட்டைகளை இடம் மாற்றுங்கள், பின்கதவைச் சுலபமாகத் திறக்க ஏதாவது ஒரு வழி வையுங்கள். ஆட்டம் தானாக நிமிர்ந்துவிடும்.

பத்துக்கு நான்கு மதிப்பெண்.

இப்படிக்கு,
விமர்சகர் எண் 9


செப்டம்பர் 9

விமர்சகர் எண் ஒன்பது அவர்களுக்கு,

அண்ணி, போதும். பெயருக்குப் பதில் எண்ணைப் போட்டாலும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானே. ‘உங்கள்’, ‘உங்களுடையது’ என்று நீங்கள் எழுதியதைப் படிக்கையில் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்னை ‘வாலு’ என்று கூப்பிட்டவர் நீங்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, வீட்டில் ஒருவருடனும் சரியாகப் பேச்சு வராத நேரத்தில், என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஆடக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அண்ணனை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வரும் முதல் கடிதம், பத்துக்கு நான்கு!

நீங்கள் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு கேம் ஆடிச் சோதிப்பவர். நான் பகலெல்லாம் மெத்தை உறையில் தையல் கோணினால் சாக்பீஸால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புபவள். போட்டித் தலைப்பு வெள்ளி ஆறு மணிக்குத்தான் வந்தது. ‘வெளியே’ என்ற ஒற்றை வார்த்தை. உட்கார்ந்து புதிதாக ஒரு இடத்தைக் கற்பனை செய்ய நேரம் ஏது? கண்ணை மூடினால் தெரிகிற இடத்தைப் போட்டேன். எங்கள் கூடத்தை.

‘இப்படி யாரும் கட்ட மாட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டியிருக்கிறார்களே! கதவு அப்படித்தான் திறக்கிறது. மூட்டை அங்கேதான் இருக்கிறது. பின்படிக்கட்டு வழியாகத் துணி கடத்துகிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் பூட்டினார்கள், நான் சேர்வதற்கு முன்பே. ஆறு வருஷமாக நான் போய் வருகிற இடம், உங்களுக்கு நம்பும்படி இல்லையாம். ஒவ்வொரு நாற்காலிக்கும் கதவுக்கும் இடையே எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று எண்ணித்தான் போட்டிருக்கிறேன். ஒரு கட்டம்கூடப் பிசகில்லை. குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னியுங்கள். என் நாற்காலி எது என்று கேட்பீர்கள். நாற்பத்தேழு. வேண்டுமானால் ஆடிப் பாருங்கள்.

வாலு


செப்டம்பர் 9

வாலு,

நாற்பத்தேழில் உட்கார்ந்து நான் பதினொரு முறை செத்திருக்கிறேன். என் குறிப்பேட்டில் இருக்கிறது. கடைசி ஐந்து முறை வேண்டுமென்றே வேறு வேறு பாதையில் ஓடிப் பார்த்தேன்.

உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் உறைத்தது. கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? நீ வரைபடத்தைப் பார்த்து ஆட்டம் செய்யவில்லை. இருபத்து மூன்று பேர் தினமும் காலையில் போய் உட்காரும் இடத்தை அளந்து கொடுத்திருக்கிறாய்.

மூன்று கேள்விக்கு உடனே பதில் எழுது. புகை பரவும் வேகத்தை எங்கிருந்து எடுத்தாய்? நிஜத்தில் பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? அங்கே தீப்பிடிக்கிற மாதிரி என்னென்ன இருக்கிறது?

அண்ணி


செப்டம்பர் 11

அண்ணி,

நேற்று வேலைக்குப் போனேன். என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். சாக்பீஸைக் கையில் எடுத்தேன், கோடு போட வரவில்லை. பக்கத்து மெஷின்காரி, எப்போதும் வாய்க்குள் பாட்டு முனகிக்கொண்டே தைப்பாள், அவளை நாங்கள் ரேடியோ என்போம், “என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்றாள். தலைவலி என்றேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கூடத்தில் என்ன இருக்கிறது? ஃபோம். ஒட்டுகிற பசை டின். நாலு இஸ்திரி மேஜை. இஸ்திரி மேஜைகளின் ஒயர் எல்லாம் ஒரே ப்ளக்கில் கொத்தாகச் சொருகியிருக்கிறது.

புகையின் வேகம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஃபோம் எரிந்தால் எவ்வளவு வேகம் என்று தேடிப் படித்துத்தான் முதலில் போட்டேன். அப்படிப் போட்டால் ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் முடிந்துபோனது. சுவாரஸ்யமாக இல்லையே என்று பாதி வேகமாகக் குறைத்துவிட்டேன். சாவியும் அப்படித்தான். ஆட்டத்தில் சூப்பர்வைசர் மேஜையில் சாவி தொங்கும். நிஜத்தில் அது அவர் இடுப்பில், அவர் பாதி நேரம் கீழே. நீங்கள் பார்த்தது நான் இளக்கிக் கொடுத்தது, அண்ணி. அதிலேயே இருபத்து மூன்று பேர் சாகிறார்கள்.

ஆட்டத்தைச் செய்தவள் நான். நாற்பத்தெட்டு மணி நேரம் அதற்குள்ளேயே கிடந்தேன். எனக்கு ஏன் இது தெரியவில்லை? ஒரு தடவைகூட, ‘அட, இது நான்தானே’ என்று தோன்றவில்லை. பொம்மை சாகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சூப்பர்வைசரிடம் போனை நீட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தார். சிரித்தார்.

“நல்லாத்தான் பண்ணியிருக்கே. அதுக்காக கேம்ல செத்தவங்களுக்கெல்லாம் நான் என்னம்மா பண்றது? போய் வேலையப் பாரு.”

போய் வேலையைப் பார்த்தேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

வாலு


செப்டம்பர் 12

வாலு,

‘போய் வேலையைப் பார்த்தேன்’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் இதை எழுதுகிறேன். இரண்டு வருஷமாக எழுதாமல் வைத்திருந்தது. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

உன் அண்ணன் என்னைப் பிடித்துத் தள்ளியபோது நீ சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். கையில் ஈரத்துண்டு. என் மணிக்கட்டு மேடை விளிம்பில் பட்டு உடைந்த சத்தம் உனக்கும் கேட்டது, உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவர் எல்லாரிடமும் ‘குளியலறையில் வழுக்கிவிட்டாள்’ என்றார். அத்தை உன்னைக் கூப்பிட்டு, என் அப்பா அம்மா முன்னாலேயே கேட்டார்கள்: “நீ பாத்தியாடி?” நீ சொன்னாய்: “நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்.”

அவர் அடித்தது இப்போது வலிக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது. நீ துணி காயப்போட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

எழுதிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே தொடர்கிறேன்.

நானூறு ஆட்டங்களுக்குக் கருத்து எழுதியிருக்கிறேன். அதில் கற்றது ஒன்றுதான். ‘நீ தப்புச் செய்தாய்’ என்று சொன்னால் எந்த ஆளும் காதைப் பொத்திக்கொள்வான். அவன் கையில் ஆட்டத்தைக் கொடுத்து ‘இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன், கொஞ்சம் பாருங்கள்’ என்றால் தானே பார்ப்பான். சூப்பர்வைசருக்கு அது யாரோ ஒரு பொம்மை. நாற்காலிகளில் எண்ணை எடுத்துவிட்டு அங்கே உட்காருகிறவர்களின் பட்டப்பெயரைப் போடு. புகையை உண்மையான வேகத்துக்கு மாற்று. சாப்பாட்டு வேளையில் அவரவர் நாற்காலியை அவரவரே ஆடட்டும். நீ ஒரு வார்த்தையும் சொல்லாதே.

அண்ணி


செப்டம்பர் 18

அண்ணி,

முதல் பாதி உண்மை. நான் பார்த்தேன். அந்தச் சத்தம் கேட்டது. இதை உங்களிடம் சொல்வது பெரிய காரியமில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. சொல்ல வேண்டிய இடம் வேறு.

இரண்டாம் பாதியை நீங்கள் சொன்னபடியே செய்தேன். திங்கள்கிழமை சாப்பாட்டு வேளையில் போனை மேஜை மேல் வைத்தேன். முதலில் ஒரே கும்மாளம். “ஏய், என்னப் பாரேன், எனக்கு இவ்ளோ குண்டா உடம்பு போட்டிருக்கா!” என்று ரேடியோ கத்தினாள். அவள் ஓடினாள். மூட்டை பக்கத்தில் மாட்டிக்கொண்டு விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை ஆடினாள், விழுந்தாள். பிறகு பின்வரிசையில் இருக்கும் மெத்தை அக்கா, ஒரு கால் இழுத்து நடப்பார்கள், அவர்கள் ஆடினார்கள். ஆறாவது எட்டிலேயே முடிந்தது.

“இதுல ஏதோ கோளாறு இருக்கும்மா,” என்றார்கள் மெத்தை அக்கா. “நம்ம இடம் மாதிரியே இருக்கு, ஆனா வெளிய போக விடமாட்டேங்குது.”

மாசமாக இருக்கும் ஒருத்தி ஆடினாள். விழுந்ததும் போனை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி, மூட்டைகளைப் பார்த்தாள். நிஜ மூட்டைகளை. ஒவ்வொருவராக எல்லாரும் திரும்பினார்கள். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் சாப்பிடவும் இல்லை.

அண்ணி, அந்தச் சத்தமில்லாத நிமிஷத்தில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை முதலாளியம்மா வந்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனை வாங்கி அவர்களே ஆடினார்கள். முன்வரிசை, தப்பித்தார்கள். பின்வரிசை, இல்லை. இன்னொரு முறை, இல்லை. முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அது பயம் என்று நினைத்தேன்.

“இத யாரு பண்ணது?”

அறுபத்து நான்கு பேரும் அசையவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

“வெளிய இருக்கறவங்களுக்கும் காட்டினியா?”

“போட்டிக்கு அனுப்பினேம்மா.”

“அப்போ ஊர் முழுக்க என் கூடத்துல பொணம் விழுதுன்னு காட்டிட்டே. நாளையிலேருந்து நீ வர வேணாம். வேற யாருக்காவது இங்க உக்கார பயமா இருக்கா? சொல்லுங்க, கேக்கறேன்.”

நான் ரேடியோவைப் பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். மெத்தை அக்காவைப் பார்த்தேன். அவர்கள் காலடியில் எதையோ தேடினார்கள். மாசமாக இருப்பவள் மெஷினை ஓடவிட்டாள். ஒரு மெஷின், இரண்டு மெஷின், பிறகு எல்லாமே ஓட ஆரம்பித்துவிட்டன.

படியிறங்கும்போதுதான் உங்கள் கடிதம் புரிந்தது. அன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கையில் கட்டோடு நின்று என்னைப் பார்த்தீர்கள் அல்லவா? எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன். இத்தனை நாளும் தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வாலு


செப்டம்பர் 19

வாலு,

உன் வேலை போனதற்கு நான்தான் காரணம். ஆட்டத்தை அறுபத்து நான்கு தடவை சோதித்தேன், ஆட்களைச் சோதிக்க மறந்தேன். கை தூக்கிய உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது, ஆனால் அதற்கான தகுதி எனக்கு இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நான்கு மதிப்பெண், ஆட்டத்துக்குப் போட்டதல்ல. ஏழு போட்டிருக்க வேண்டியது. மூன்றை உன்மேல் இருந்த கோபத்துக்குக் கழித்தேன். விமர்சகருக்கு இதைவிடக் கேவலம் இல்லை. போட்டிக்காரர்களிடம் எழுதித் திருத்திவிட்டேன்.

அந்தப் பெண்களை வையாதே. வேலை போனால் அடுத்த மாதம் என்ன என்று அவர்கள் கணக்குப் போட ஒரு நொடி போதும். நீயும் அன்றைக்கு அதைத்தான் போட்டிருப்பாய்: அண்ணனை விட்டால் நமக்கு வேறு வீடு ஏது என்று. அன்று அது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, ஆனாலும் வலி குறையவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

இன்று காலை தீயணைப்புத் துறைக்கு என் பெயரில் புகார் அனுப்பினேன். உன் ஆட்டத்தையும், அறுபத்து நான்கு நாற்காலிக்கும் நான் எழுதிவைத்த குறிப்பையும் சேர்த்து. எந்த நாற்காலி, எத்தனை எட்டு, எங்கே விழுகிறது, எல்லாம். போனில் பேசிய அதிகாரி முதலில் “கேமா?” என்றார். பிறகு விலாசம் கேட்டார்.

அண்ணி


அக்டோபர் 6

அண்ணி,

என் வேலை அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொள்ள இன்று காலை போனேன். தெருவில் நுழையும்போதே சிவப்பு வண்டிகள் இரண்டு நின்றன. எதிர்ப்புறம் பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே பார்த்தால் மூன்றாம் மாடி ஜன்னலில் வெள்ளைப் புகை.

அது தீ இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். உடம்புக்குக் கெடுதல் செய்யாத புகையைப் பின்பக்கம் விட்டு, மணியை அடித்திருக்கிறார்கள். வாசலில் ஒரு அதிகாரி கடிகாரத்தோடு நின்றார். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் தலையை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. பதினேழு. முப்பது. முப்பத்து நான்கு. அப்புறம் ஒருவரும் வரவில்லை.

அதிகாரி கையைத் தூக்கி ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு மீதிப் பேர் மெதுவாக இறங்கி வந்தார்கள். நேரம் கடந்து வந்த ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு நாடா கட்டினார்கள். “நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க. நீங்க இறந்துட்டீங்க,” என்று அந்த அதிகாரி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே கட்டினார். முப்பத்தொரு பேர், அண்ணி. இருபத்து மூன்று இல்லை. என் ஆட்டத்தில் ஆளாளுக்குத் தனியாக ஓடுகிறார்கள். நிஜத்தில் மெத்தை அக்காவை ரேடியோ தோளில் தாங்கிப் பிடித்திருக்கிறாள், மாசமாக இருப்பவளுக்காக நாலு பேர் நின்றிருக்கிறார்கள், கதவு பக்கம் கூட்டம் அடைத்துக்கொண்டது. ஒருவரையொருவர் விட்டுவிட்டு ஓடமாட்டார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

சூப்பர்வைசர் கையிலும் சிவப்பு. பின்கதவைத் திறக்கச் சாவியோடு மேலே ஓடியிருக்கிறார். மூட்டைகளை நகர்த்த முடியவில்லை. முதலாளியம்மா அப்போது கூடத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கும் கட்டினார்கள். அவர்கள் தம் கையையே பார்த்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்கள். இறந்தவர்கள் வரிசையில், தம் ஆட்களோடு.

கூடத்துக்கு சீல் வைத்துவிட்டார்கள். கதவை மாற்றி, பின்வழியைத் திறக்கும்வரை வேலை இல்லை. இதற்காக என்னை ஏசுவார்கள் என்று எழுந்து போகப் பார்த்தேன். ரேடியோ சாலையைக் கடந்து வந்தாள்.

“அன்னிக்கி நான் நூல் கோத்துக்கிட்டு இருந்தேன்டி,” என்றாள். “ஊசியில ஏற்கெனவே நூல் இருந்துச்சு.”

“தெரியும்,” என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். “அம்மா, அன்னைக்கு நான் துணி காயப்போடல. வாசல்ல நின்னேன். அண்ணன்தான் அண்ணியப் புடிச்சுத் தள்ளினாரு. கை உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு.” அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்கள். அண்ணன் “இவளுக்கு என்ன ஆச்சு?” என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. “உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்டி,” என்று மட்டும் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது ரேடியோ வீட்டில் இருந்து எழுதுகிறேன். துணிமணிப் பையோடு வந்துவிட்டேன்.

வாலு


அக்டோபர் 7

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். படித்துவிட்டு ஒரு ஆட்டத்தைச் சோதிப்பது போல உட்கார்ந்து திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருப்பவர், “அது இன்னும் ஓடவே இல்லையே, ஆன் பண்ணுங்க,” என்றார்.

அத்தைக்குத் தெரியுமா? அன்று அந்த வீட்டுக் கூடத்தில் தெரியாதவர் என் அப்பா அம்மா மட்டும்தானா? இரண்டு வருஷமாக உன்மேல் மட்டுமே கோபப்பட்டுக்கொண்டிருந்தேனே. இதைப் பற்றி எழுத முடியாது, நேரில்தான் பேச முடியும்.

உன் அண்ணனிடம் நான் திரும்பி வரப் போவதில்லை. அது முடிந்த கதை. ஆனால் நீ எனக்கு அவர் வழியாக வந்தவள் என்பதற்காக அவரோடு உன்னையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தேன் பார், அது என் தப்பு.

இங்கே எனக்கு இரண்டு அறை. ஒன்றில் பழைய கம்ப்யூட்டர்களைப் போட்டு வைத்திருக்கிறேன். அதைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். ரேடியோவிடம் என் நன்றியைச் சொல்லி, ஞாயிறு காலை முதல் பேருந்தில் ஏறு. நிலையத்தில் நிற்பேன். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன், கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன், அடையாளம் தெரியாமல் கடந்து போய்விடாதே.

அண்ணி